மருந்து கரைந்த நீருக்கு ஓசோன்

கேள்வி: நாம் சாப்பிடும் மாத்திரைகள் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகாமல் தடுக்க ஓசோன் விடுகிறார்களாமே? இந்த முறை எங்கே தொடங்கியது?
– வாசகர், ஈரோடு

பதில்: ஓசோன் பிடிபட்டது 1839-ல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். தண்ணீரில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ஷோன்பைன், அதிலிருந்து எழுந்த விநோத வாசனையைத் துருவிப்போய் இந்த வாயுவைக் கண்டுபிடித்தார். 1906-லேயே பிரான்சின் நீஸ் நகரம் குடிநீரில் கிருமிகளைக் கொல்ல அதைப் பயன்படுத்தியது.

கழிவுநீரில் மருந்தை அழிக்க அது வந்தது வெகு காலம் கழித்துத்தான். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் களிம்பு தேய்க்கிறோம். உடம்புக்குள் இறங்குவது கொஞ்சம். மிச்சமெல்லாம் குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. வலிப்பு நோய்க்குச் சாப்பிடும் கார்பமாசெபைனும் சாக்கடைக்கே வந்து சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் மலத்தையும் சோப்பையும் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் அதைத் தொடுவதே இல்லை. இம்மியளவுதானே என்று விட்டுவிட முடியாது. கனடாவில் ஓர் ஆய்வு ஏரியில் கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5 நானோகிராம் அளவில் மூன்று ஆண்டுகள் கலந்துபார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் பெண்மை ஏறி, ஒரு சிறு மீனினம் அந்த ஏரியில் அநேகமாக அழிந்தேபோனது.

ஜெர்மனியில் சில ஊர்கள் முன்கூட்டியே ஓசோனை முயன்றிருந்தன. சுவிட்சர்லாந்தின் முதல் முழு அளவு ஏற்பாடு 2014-ல், ஜூரிச்சுக்குப் பக்கத்தில் டியூபென்டார்ஃப் ஊரில் உள்ள நொய்குட் நிலையத்தில் இயங்கத் தொடங்கியது. ஓசோன் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் அங்கேயே, ஆக்சிஜனில் உயர் அழுத்த மின்சாரம் பாய்ச்சித் தயாரித்து, ஆழமான தொட்டியின் அடியிலிருந்து குமிழ்களாக விடுகிறார்கள். அது மருந்து மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு போன்ற இடங்களைத் தேடித் தாக்குகிறது. டைக்ளோஃபினாக், கார்பமாசெபைன் இரண்டும் சட்டென்று உடைந்துவிடுகின்றன. எக்ஸ்ரே படத்துக்குக் கொடுக்கும் அயோடின் மருந்துகள் லேசில் மசிவதில்லை. உடைந்த துண்டுகளை அப்படியே ஆற்றில் விடக் கூடாது. பின்னால் வரும் மணல் வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றில் கணிசமானதைத் தின்றுவிடும். தண்ணீரில் புரோமைடு அதிகம் இருந்தால் ஓசோன் அதை நச்சுத்தன்மையுள்ள புரோமேட் ஆக்கிவிடும். அத்தகைய ஊர்களுக்கு மருந்தை உறிஞ்சிப் பிடிக்கும் கரித்தூள்தான் சரி.

ஷோன்பைனுக்கு இணையாக சுவிஸ் சட்டத்தையும் நான் மதிக்கிறேன். ரைன் நதியின் மேல்பகுதியில் இருக்கும் நாடு அது. அதே ஆற்றை நம்பிக் கீழே ஜெர்மனியும் நெதர்லாந்தும் குடிக்கின்றன. அந்தச் சட்டப்படி 2016 முதல், முக்கியமான சுத்திகரிப்பு நிலையங்கள் இத்தகைய நுண்மாசுகளில் 80 சதவீதத்தை நீக்கியே ஆகவேண்டும். செலவுக்காகத் தலைக்கு ஆண்டுக்கு 9 பிராங்க் வரை கட்டணம். புதிய ஏற்பாட்டை நிறுவி முடித்த ஊருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டிருக்கின்றன. விற்று லாபம் பார்ப்பவர்களே கழுவும் செலவையும் ஏற்பதுதான் நியாயம் என்பது என் கட்சி.