கனமா, ஓட்டமா? வளரிளம் பருவ மாணவர்களுக்கு ஓர் உடற்பயிற்சிப் பாடம்

“சார், உடம்பு ஏறணும்னா ஓடக் கூடாதாமே?” ஒன்பதாம் வகுப்பில் தசைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. தொடர்ந்து இன்னொன்றும் வரும்: “டப்பாவுல விக்கிற பவுடரைக் குடிச்சாத்தான் சார் சிக்ஸ் பேக் வருமாம்.” இவற்றுக்கான விடைகளை மாணவர்கள் கைப்பேசிக் காணொளிகளிலிருந்தும் தெருமுனை ஜிம்மில் பயிலும் அண்ணன்களிடமிருந்தும் பெற்றுக்கொள்கிறார்கள். அந்த விடைகளை நம்பி ஒருவன் சாப்பாட்டைக் குறைக்கிறான். இன்னொருவன் வீட்டில் பணம் கேட்டு அடம்பிடிக்கிறான். வேறொருவன் ஊசி வரை போகிறான். தசை, சுவாசம், ஆற்றல், ஊட்டச்சத்து ஆகிய பாடங்களை நடத்தும் நம்மிடம்தான் இதற்குச் சரியான விடை இருக்கிறது. அதை வகுப்பில் எப்படிச் சொல்லலாம், விளையாட்டுத் திடலில் எப்படிச் செய்துகாட்டலாம் என்பதே இக்கட்டுரை.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,
1. வலிமைப் பயிற்சிக்கும் இதய–நுரையீரல் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவர்.
2. இரண்டையும் இணைத்துத் தமக்கு ஒரு வாரத் திட்டம் வகுப்பர்.
3. தமது அன்றாட உணவிலுள்ள புரதத்தைக் கணக்கிடுவர்.
4. உடல் தோற்றம் குறித்த விளம்பரங்களைக் கேள்வி கேட்டுப் பார்ப்பர்.

இரண்டு பயிற்சிகள், இரண்டு வேலைகள்

கபடியில் பாடிச் செல்லும் வீரரை எடுத்துக்கொள்வோம். 30 விநாடிக்குள் எதிரணிக் களத்தில் நுழைந்து, தொட்டு, திரும்ப வேண்டும். கணுக்காலைப் பிடித்தவரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட வலிமை வேண்டும். ஆட்டம் முடியும்வரை மீண்டும் மீண்டும் பாடிச் செல்ல மூச்சு வேண்டும். வலிமை மட்டும் உள்ளவர் பாதி ஆட்டத்தில் சோர்ந்துவிடுவார். மூச்சு மட்டும் உள்ளவர் முதல் பிடியிலேயே மாட்டிக்கொள்வார். நம் மாணவர்கள் நன்கறிந்த இந்த விளையாட்டிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

கனம் தூக்கும்போதும் தண்டால் எடுக்கும்போதும் வேகமாகச் சுருங்கும் தசை நார்கள் பெரிதும் வேலை செய்கின்றன. சில விநாடிகளில் பெரும் விசையைத் தரும் இவை விரைவில் களைத்துவிடும். பளுவைப் படிப்படியாகக் கூட்டினால் இந்நார்கள் பருக்கின்றன. தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களும் எடுத்த எடுப்பில் பெரிய கல்லைத் தூக்கிவிடவில்லை.

ஓட்டம், சைக்கிள், நீச்சல், ஸ்கிப்பிங் போன்றவற்றில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் நார்களுக்கு வேலை அதிகம். தொடர்ந்து செய்தால் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடும். தசையில் இரத்த நுண்நாளங்களும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகும். இதைத்தான் கார்டியோ என்கிறார்கள்.

இங்கே ஒரு செய்தியை மாணவர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வலிமைப் பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடுவது பெரும்பாலும் தசையின் பருமன் அன்று; தசை நார்களை ஒருங்கே இயக்கும் நரம்புகளின் திறன். ஐந்து தண்டால் எடுத்தவன் பத்து எடுப்பான்; ஆனால் கண்ணாடியில் மாற்றம் தெரியாது. “ஒரு மாசமா செய்றேன், ஒண்ணும் ஆகல” என்று மனம் தளர்ந்து பவுடர் பக்கம் போகும் இடம் இதுதான்.

ஓடினால் தசை கரையுமா?

மாணவர்கள் கேள்விப்பட்டதில் ஒரு சிறு உண்மை உண்டு. 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு குழு வாரம் 5 நாள் வலிமைப் பயிற்சி செய்தது. இரண்டாவது குழு வாரம் 6 நாள் ஓட்டமும் சைக்கிளும் செய்தது. மூன்றாவது குழு இவ்விரண்டையும் முழுமையாகச் செய்தது. 10 வாரங்கள் நடந்த இப்பயிற்சியில், மூன்றாவது குழுவின் வலிமை முதல் ஏழு வாரங்கள் வரை நன்றாகவே வளர்ந்தது. பிறகு தேங்கி, கடைசி இரு வாரங்களில் குறைந்தது. அக்குழுவினரின் இதய–நுரையீரல் திறனோ குறையவில்லை.

‘ஓடினால் தசை போய்விடும்’ என்ற பேச்சுக்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் ஆய்வைக் கவனித்துப் படித்தால் வேறு பாடம் கிடைக்கிறது. இரண்டு கடும் பயிற்சிகளை ஓய்வின்றி ஏற்றியதால்தான் தேக்கம் வந்தது. அதுவும் ஏழு வாரத்திற்குப் பிறகே. அளவோடு இணைத்தால், குறிப்பாகப் புதிதாகத் தொடங்குவோருக்கு, இரண்டு திறன்களும் சேர்ந்தே வளர்கின்றன என்பதைப் பின்னர் வந்த பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் ஓடும் பள்ளி மாணவன் தசை கரைவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நினைவில் கொள்ள மூன்று விதிகள் போதும்:
• வலிமைப் பயிற்சியையும் நீண்ட ஓட்டத்தையும் இயன்றவரை வெவ்வேறு நாள்களில் வைத்துக்கொள்க.
• ஒரே நாளில் செய்ய நேர்ந்தால், தசை களைக்கும் முன் வலிமைப் பயிற்சியை முடித்துவிட்டு ஓடுக.
• ஒரே தசைக்கு மீண்டும் பளு கொடுக்குமுன் ஒரு நாளாவது இடைவெளி விடுக. தசை வளர்வது ஓய்விலும் உறக்கத்திலும்தான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை.

வாரத் திட்டம்

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பு செய்ய வேண்டும். தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது இடம்பெற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். இதற்கு ஜிம் தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியருடன் கலந்து பின்வருமாறு அமைக்கலாம்.

திங்கள், புதன், வெள்ளி – வலிமை (25 நிமிடம்): 5 நிமிடம் உடலைச் சூடாக்கும் அசைவுகள். பிறகு பஸ்கி 12, தண்டால் 8, புத்தகப்பையை இரு கைகளாலும் இடுப்பு வரை இழுத்தல் 10, படி ஏறி இறங்குதல் ஒவ்வொரு காலுக்கும் 10, முழங்கையூன்றி உடலை நேராக வைத்திருத்தல் 20 விநாடி. இதை இரண்டு சுற்று செய்யலாம். தண்டால் வராதவர்கள் சுவரில் அல்லது பெஞ்சில் கை ஊன்றித் தொடங்கட்டும்.

செவ்வாய், வியாழன் – மூச்சு (30 நிமிடம்): மெல்லோட்டம், வேகநடை, ஸ்கிப்பிங், சைக்கிள். வேகத்தை அறியக் கருவி வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். சில சொற்களுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடுமையான வேகம்.

சனி – விளையாட்டு: கபடி, கோ–கோ, கால்பந்து. ஞாயிறு – ஓய்வு.

மீதி நேரத்தைப் பள்ளிக்கு நடந்து வருவதும் மாலை விளையாட்டும் நிரப்பிவிடும். கோடையில் காலை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். இடையில் தண்ணீர் குடிக்க அனுமதிக்க வேண்டும்.

பளுவைக் கூட்டும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். சரியான உடல்நிலையில், இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்த வேண்டும். அடுத்தடுத்த இரு பயிற்சி நாள்களில் இரு சுற்றும் எளிதாக முடிந்தால் இரண்டு முறை கூட்டலாம். ‘யார் அதிகம் தூக்குவது’ என்ற போட்டி இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1 – நாடித்துடிப்பு: ஓய்வில் ஒரு நிமிட நாடித்துடிப்பைக் கணக்கிடுக. 3 நிமிடம் படியேறி இறங்கியபின் உடனேயும், 1, 2, 3 நிமிடங்கள் கழித்தும் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குக. வரைபடம் வரைக. எட்டு வாரம் கழித்து மீண்டும் செய்து ஒப்பிடுக. துடிப்பு விரைவாகத் தணிந்தால் இதயம் தேறியிருக்கிறது.

செயல்பாடு 2 – வேலையும் திறனும்: 40 கிலோ நிறையுள்ள மாணவர் 3 மீட்டர் உயர மாடிப்படியில் ஏறுகிறார். செய்த வேலை 40 × 10 × 3 = 1200 ஜூல். 6 விநாடியில் ஏறினால் திறன் 200 வாட்; 4 விநாடியில் ஏறினால் 300 வாட். வேலை ஒன்றே, திறன் வேறு.

அடுத்து ஒரு கேள்வி: இதற்கு எவ்வளவு உணவு செலவாகும்? 1200 ஜூல் என்பது ஏறக்குறைய 0.29 கிலோ கலோரி. உண்ட ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்க வேலையாகிறது என்று கொண்டால், உடல் செலவிடுவது சற்றேறக்குறைய 1.15 கிலோ கலோரி. 20 கிலோ கலோரி தரும் ஒரு சிறிய பிஸ்கட்டைச் செலவிட 17 முறை ஏற வேண்டும்! கொழுப்பைக் குறைப்பதில் பயிற்சியோடு உணவும் ஏன் முக்கியம் என்பதை இக்கணக்கே சொல்லிவிடும். வயிற்றுக்கான பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைக்காது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

செயல்பாடு 3 – புரதக் கணக்கு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, 13–15 வயதில் ஆண் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 45 கிராமும் பெண் பிள்ளைகளுக்கு 43 கிராமும் புரதம் தேவை. ஒரு முட்டை 6 கிராம். 30 கிராம் பருப்பில் 7. 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6. 30 கிராம் நிலக்கடலையில் 7. ஒரு தம்ளர் பாலில் 6. நாள் முழுவதற்குமான 200 கிராம் அரிசியில் 14. மொத்தம் 46 கிராம். ஒவ்வொரு மாணவரும் நேற்று உண்டதை எழுதிக் கூட்டட்டும். குறைந்தால் எதைச் சேர்க்கலாம் என்று குழுவில் பேசட்டும். பள்ளி நாள்களில் சத்துணவில் தரும் முட்டையை ஒதுக்குவோர் அதன் மதிப்பை அப்போது உணர்வார்கள்.

செயல்பாடு 4 – விளம்பரத்தை வாசித்தல்: இது மொழிப்பாடத்திற்கும் உரியது. ‘30 நாளில் கட்டுடல்’ என்ற வாசகத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். யார் சொல்கிறார்? என்ன விற்கிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? இம்மூன்று கேள்விகள் போதும்.

பவுடரும் ஊசியும்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள், உடலைப் பெருக்கப் புரதப் பவுடர்களைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகின்றன. தசையைப் பெருக்கப் போடும் ஸ்டீராய்டு ஊசிகளும் மாத்திரைகளும் இன்னும் ஆபத்தானவை. வளரும் வயதில் இவை எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை உரிய காலத்திற்கு முன்பே மூடச் செய்து உயரத்தை நிறுத்திவிடக்கூடும். கல்லீரல், இதயம், இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றையும் பாதிக்கும். மறுபுறம், முறையான மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி உயரத்தைத் தடுப்பதில்லை. ‘கனம் தூக்கினால் குள்ளமாகிவிடுவாய்’ என்று தவறான அச்சத்தைக் கொடுத்தால், உண்மையான ஆபத்தைச் சொல்லும்போது மாணவர்கள் நம்பமாட்டார்கள்.

ஒரே வகுப்பிலுள்ள 14 வயது மாணவர் இருவரில் ஒருவருக்குப் பருவ வளர்ச்சி முடியும் தறுவாயில் இருக்கும். இன்னொருவருக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கும். ஹார்மோன் வேறுபாட்டால் அவர்களின் தசையும் வேறுபடும். ‘உன் வளர்ச்சி பின்னால் வரும்’ என்று ஆசிரியர் சொல்லும் ஒரு சொல் ஒரு பிள்ளையை ஊசியிலிருந்து காக்கலாம்.

மாணவியரும் இப்பாடத்தில் உண்டு

வலிமைப் பயிற்சி பெண் பிள்ளைகளுக்கு ஆகாது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. எலும்பின் உறுதிக்கு அடித்தளம் பெரிதும் இந்த வயதில்தான் இடப்படுகிறது. பஸ்கியும் படியேற்றமும் அவர்களுக்கு மிகவும் தேவை. உடல் ஆண்போல் ஆகிவிடும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை. நம் நாட்டில் வளரிளம் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. எளிதில் களைத்து மூச்சு வாங்கும் மாணவியைச் ‘சோம்பேறி’ என்னாமல், வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை உண்கிறாரா என்று பாருங்கள். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ஆசிரியர் கவனத்திற்கு

• ஆஸ்துமா, இதயக் குறைபாடு, வலிப்பு உள்ள மாணவர்களைப் பற்றிப் பெற்றோரிடம் முன்பே கேட்டறிக.
• மறுநாள் தசை வலிப்பது இயல்பு. மூட்டுவலி, நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மயக்கம் இயல்பல்ல. பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புக.
• பஸ்கியையும் ஓட்டத்தையும் தண்டனையாக்க வேண்டாம். பழக்கமில்லாத உடலை நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழச் செய்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். கடும் பயிற்சிக்குப்பின் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அவசர சிகிச்சை வேண்டும். மேலும், தண்டனையாகச் செய்த ஒன்றை எந்தப் பிள்ளையும் விரும்பித் தொடராது.

மதிப்பீடு

கையின் சுற்றளவையோ இடுப்பளவையோ உடல் எடையையோ வகுப்பில் அளந்து ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் தமது குறிப்பேட்டில் நான்கை மட்டும் பதியட்டும்: தண்டால் எண்ணிக்கை, 10 நிமிடத்தில் திடலைச் சுற்றிய எண்ணிக்கை, பயிற்சிக்குப்பின் நாடித்துடிப்பு தணிய ஆகும் நேரம், உறங்கிய மணி. நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடுவதே இங்கு மதிப்பெண்.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசை வலிமைப் பயிற்சியும் தேவை. நாள் முழுவதும் நின்று பேசும் நமக்கும் இது பொருந்தும். திங்கட்கிழமை திடலில் மாணவர்களுடன் ஆசிரியரும் பத்து பஸ்கி போட்டால், இப்பாடத்திற்கு அதைவிடச் சிறந்த துணைக்கருவி வேறில்லை.