வி.பி.என். எதனை மறைக்கும், எதனை மறைக்காது?

மாணவர்களே, மெய்நிகர் தனியார் வலையமைப்பு, அதாவது வி.பி.என்., பற்றிய வினாவுக்கு "இணையத்தில் எம்மை முற்றாக மறைக்கும் மென்பொருள்" என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வோர் பலர். இவ்விடை பிழையானது. யாரிடமிருந்து எதனை மறைக்கின்றது என்பதை எழுதினால்தான் விடை நிறைவு பெறும்.

முதலில் இணையச் சேவை வழங்குநரின் இடத்தை விளங்கிக்கொள்வோம். உங்கள் கையடக்கத் தொலைபேசியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தரவுப் பொதியும் அவரது வலையமைப்பினூடாகவே செல்கின்றது. ஆகவே பொதி சேரவேண்டிய ஐ.பி. முகவரியை அவர் பார்த்தே ஆகவேண்டும். பாராவிட்டால் அனுப்பவும் முடியாது.

இதனைத் தபாலுடன் ஒப்பிடலாம். எச்.டி.டி.பி. நடப்பொழுங்கில் மட்டும் இயங்கும் இணையத்தளம் தபாலட்டை போன்றது. தபாற்காரர் விரும்பினால் முகவரியுடன் எழுதிய விடயத்தையும் வாசிக்கலாம். எச்.டி.டி.பி.எஸ். ஒட்டிய கடிதவுறை போன்றது. உள்ளடக்கம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் கடவுச்சொல்லோ நீங்கள் வாசித்த பக்கமோ வழங்குநருக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்குச் சென்றீர்கள், எவ்வளவு தரவு பரிமாறப்பட்டது என்பன பொதுவாகத் தெரியும். ஆள்களப் பெயரைத் தேடும் வினவல்கள் பெரும்பாலும் மறைகுறியாக்கப்படாமல் அவரது சேவையகத்துக்கே செல்வது இதற்கு ஒரு காரணம். ஒருவர் நாள்தோறும் நள்ளிரவில் ஒரு நோய் பற்றிய தளத்துக்குச் சென்றால், அவர் என்ன வாசித்தார் என அறியாமலே பலவற்றை ஊகித்துவிடலாம் அல்லவா?

வழங்குநர் வெறும் தபாற்காரராக மட்டும் இருப்பார் என்றும் எண்ணவேண்டாம். ஐக்கிய அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் 2012 இன் இறுதியிலிருந்து, தனது கையடக்கத் தொலைபேசி வாடிக்கையாளர் இணையத்தளங்களுக்கு அனுப்பிய கோரிக்கைகளில் ஓர் அடையாள இலக்கத்தை அவர்களுக்குத் தெரியாமலே செருகியது. விளம்பரத்துக்காகவே அது செய்யப்பட்டது. அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு விசாரித்ததையடுத்து, 2016 மார்ச்சில் நிறுவனம் 13 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் தண்டப்பணம் செலுத்த இணங்கியது. இலக்கத்தைச் செருக முடிந்தது மறைகுறியாக்கப்படாத கோரிக்கைகளிலே என்பதைக் கவனிக்க. தபாலட்டையில்தான் இடையிலே எழுதலாம். ஒட்டிய உறைக்குள் எழுத முடியாது.

இனி வி.பி.என்.ஐ எடுத்துக்கொள்வோம். ஊரில் எழுதிய கடிதத்தை உறையிலிட்டு, அதனைக் கொழும்பு மாமாவின் முகவரியிட்ட பெரிய உறை ஒன்றினுள் வைத்து அனுப்புகிறீர்கள். ஊர்த் தபாற்காரருக்கு மாமாவின் முகவரி மட்டுமே தெரியும். மாமா வெளியுறையைப் பிரித்து, உள்ளேயுள்ள கடிதத்தைத் தபாலிற் சேர்ப்பார். பெறுபவருக்குக் கொழும்பு முத்திரையே தெரியும். இங்கு மாமாதான் வி.பி.என். சேவையகம். வழங்குநர் அந்தச் சேவையகத்தின் முகவரி, நேரம், தரவின் அளவு ஆகியவற்றையே காண்பார். இணையத்தளம் உங்கள் ஐ.பி. முகவரிக்குப் பதிலாகச் சேவையகத்தின் முகவரியைக் காணும். ஆனால் உங்கள் கணக்கினுள் நீங்களே புகுபதிகை செய்தால் தளத்துக்கு உங்களைத் தெரிந்துவிடும். போலித் தளத்தில் கடவுச்சொல்லை வழங்கினாலும் வி.பி.என். காப்பாற்றாது.

மாமா நம்பத்தகுந்தவரா என்பதே பெரிய வினா. முன்னர் வழங்குநர் அறிந்தவற்றை இப்போது அவர் அறிவார். பேஸ்புக் நிறுவனம் 2013 இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் இலவச வி.பி.என். செயலி தரவைப் பாதுகாப்பதாகக் கூறிக்கொண்டே, பயனர் எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்ற தரவைத் திரட்டியது. 2019 இல் அது மூடப்பட்டது. 2023 இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

எமது நாட்டிலும் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய காலங்களில் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டபோது, பலர் கையில் அகப்பட்ட இலவச வி.பி.என்.ஐ நிறுவிக்கொண்டனர். வீட்டிலுள்ள தொலைபேசியில் அத்தகைய செயலி இன்னும் இருக்கின்றதா, அதனை வெளியிட்டவர் யார் எனப் பாருங்கள். யாரென்று தெரியாவிட்டால் அகற்றிவிடுவதே நல்லது.

மாதிரி வினா: மாணவி ஒருவர் வி.பி.என். ஊடாக எச்.டி.டி.பி.எஸ். தளமொன்றில் தனது கணக்கினுள் புகுபதிகை செய்கின்றார். அவரது இணையச் சேவை வழங்குநர், வி.பி.என். வழங்குநர், இணையத்தளம் ஆகிய மூவரும் அறியக்கூடியவற்றை ஒவ்வொன்று வீதம் எழுதுக. (3 புள்ளிகள்)

விடை: இணையச் சேவை வழங்குநர், மாணவி வி.பி.என். சேவையகத்துடன் இணைந்துள்ளமையை அறிவார். வி.பி.என். வழங்குநர், மாணவி சென்ற தளம் எதுவென அறிவார், கடவுச்சொல்லை அறியார். இணையத்தளம், புகுபதிகை செய்த கணக்கு யாருடையது என்பதை அறியும்.