டெலவேரில் வாங்கும் படகுக்கு வரி எங்கே?

கேள்வி: நான் நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். கிரீன் கார்டு வைத்திருப்பவன். மீன்பிடிக்கவும் குடும்பத்தோடு போய்வரவும் 22 அடி நீளப் பழைய மோட்டார் படகு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். விற்பவர் டெலவேர் மாநிலத்தில் லூயிஸ் ஊர்க்காரர். டீலர் அல்ல, தனி ஆள். படகு 40,000 டாலர், டிரெய்லருக்குத் தனியாக 2,500. டெலவேரில் விற்பனை வரியே கிடையாது, அதனால் எனக்கு வரிச் செலவு இல்லை என்கிறார் அவர். அப்படியும் பயமாக இருந்தால் பில் ஆஃப் சேலில் 15,000 என்று எழுதிக்கொள்ளலாமாம். கோஸ்ட் கார்டில் பதிந்துவிட்டால் எந்த மாநிலமும் கேட்காது என்கிறார் ஒரு நண்பர். மொண்டானாவில் ஒரு எல்.எல்.சி. தொடங்கி அதன் பெயரில் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: விற்பவர் சொன்னதில் முதல் பாதி மட்டும் சரி. டெலவேரில் விற்பனை வரி இல்லை. மொண்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஒரிகான் மாநிலங்களிலும் இல்லை. ரோட் ஐலண்டில் மற்றப் பொருள்களுக்கு உண்டு, படகுக்கு மட்டும் 1993 முதல் விலக்கு. ஆனால் உங்கள் வரி, கை மாறிய ஊரில் தீர்மானமாவதில்லை. படகு எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது என்பதுதான் கேள்வி.

பக்கத்து மாநிலத்துக்குப் போய் வரியில்லாமல் வாங்கி வரும் யோசனை உங்கள் நண்பர்களுக்கு வெகு முன்பே மக்களுக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் பயன்பாட்டு வரி. வெளியே வாங்கிய பொருளை உள்ளே கொண்டுவந்து பயன்படுத்தினால், இங்கே வாங்கியிருந்தால் எவ்வளவு வரியோ அவ்வளவையும் கட்டு என்பது அதன் கணக்கு. வெளியே ஏற்கெனவே விற்பனை வரி கட்டியிருந்தால் பெரும்பாலான மாநிலங்கள் அதைக் கழித்துக்கொள்ளும். வாஷிங்டன் மாநிலம் விதித்த இத்தகைய வரி செல்லும் என்று 1937-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு இதில் ஓட்டை தேடுவது வீண் வேலை.

ஆகவே நீங்கள் கட்ட வேண்டியது நியூஜெர்சி வரி. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. அங்கே பொது விற்பனை வரி 6.625 சதவீதம், படகுக்கு 2016 பிப்ரவரி முதல் அதில் பாதி, அதாவது 3.3125 சதவீதம். தனி நபரிடம் வாங்கும் பழைய படகுக்கும் இதே விகிதம்தான். 40,000-க்கு 1,325 டாலர் வருகிறது. டைட்டில் வாங்கப் போகும்போது மோட்டார் வாகன ஆணையத்திலேயே வசூலித்துக்கொள்வார்கள். பாதி விகிதம் படகுக்குத்தான் என்பதால் டிரெய்லர் விலையைத் தனியாகவே எழுதி வாங்குங்கள். சாலையில் ஓடும் அதற்குப் பதிவும் தனி.

இதே படகை வேறு மாநிலவாசி ஒருவர் வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நியூயார்க் நகரவாசிக்கு 8.875 சதவீதம், 3,550 டாலர். பென்சில்வேனியாவில் 6 சதவீதம், 2,400. ஃபிலடெல்ஃபியாவாசி என்றால் 8 சதவீதம். மேரிலாண்டில் படகுக்கு விற்பனை வரி என்ற பெயரே இல்லை, அதற்கென்று தனியாக 5 சதவீத எக்சைஸ் வரி, 2,000. கனெக்டிகட்டில் 2.99 சதவீதம், 1,196. வர்ஜீனியாவில் 2 சதவீதம், 800. ஃப்ளோரிடாவில் 6 சதவீதம். கவுண்டி வரி உண்டென்றால் அது முதல் 5,000 டாலருக்கு மட்டும். தென் கரோலினாவில் 5 சதவீதம் என்று சொல்லிவிட்டு 500 டாலரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இத்தகைய உச்சவரம்புகள் யாருக்காக என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். ஃப்ளோரிடா 2010-இல் ஒரு படகுக்கு 18,000 டாலருக்கு மேல் வரி இல்லை என்று வைத்தது. அது 3 லட்சம் டாலர் படகிலிருந்துதான் பலன் தரும். டெக்சாஸ் 2019-இல் வைத்த 18,750-ம் அதே 3 லட்சத்தில்தான் தொடங்குகிறது. நியூயார்க் 2015-இலிருந்து முதல் 2,30,000 டாலருக்கு மட்டும் வரி கேட்கிறது. நியூஜெர்சியின் உச்சவரம்பு 20,000. அதைத் தொட 6 லட்சத்துக்கும் மேல் விலையுள்ள படகு வேண்டும். உங்களையும் என்னையும் போன்றவர்கள் சதவீதத்தை முழுசாகக் கட்ட வேண்டியதுதான். 10,000 டாலர் படகிலேயே வரம்பு தட்டும் தென் கரோலினா மட்டும்தான் இந்த வரிசையில் சின்ன ஆளை நினைத்திருக்கிறது. அங்கேயும் அவசரப்பட்டுப் பொறாமைப்படாதீர்கள். ஆண்டுதோறும் கவுண்டிக்குப் படகின் மீது சொத்து வரி உண்டு. வர்ஜீனியாவிலும் பல கவுண்டிகளில் அப்படித்தான். நியூஜெர்சியில் அந்தத் தொல்லை இல்லை.

மாநிலங்களுக்குப் பணக்காரர்கள் மேல் தனிப் பாசம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய படகுக்குச் சக்கரம் தேவையில்லை; வரி கூடினால் அது அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும். அதோடு பழுதுபார்ப்பு, பெயின்ட், குளிர்காலச் சேமிப்பு என்று எல்லா வேலையும் போகும். 1991-இல் மத்திய அரசு ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுகளுக்கு 10 சதவீத ஆடம்பர வரி போட்டது. படகு கட்டும் தளங்களில் வேலையிழப்பு பற்றிப் புகார் குவிய, 1993-இல் அதை எடுத்துவிட்டார்கள். ரோட் ஐலண்ட் தன் வரியைக் கைவிட்டதும் அதே ஆண்டுதான். அதன் பலனை 2010-இல் நாடே பார்த்தது. மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் கெரி தம் 70 லட்சம் டாலர் பாய்மரப் படகை ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் நிறுத்தியிருந்தார். சொந்த மாநிலத்தில் 6.25 சதவீதம் என்றால் 4,37,500 டாலர். செய்தி வெளியாகி ஊரே பேசிய பிறகு, சுமார் 5 லட்சம் டாலரை மாசசூசெட்ஸுக்குக் கட்டுவதாக அறிவித்தார்.

நண்பர்கள் யோசனைக்கு வருகிறேன். கோஸ்ட் கார்டு பதிவு உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு போதாது. படகு குறைந்தது 5 நெட் டன் அளவும் இருக்க வேண்டும், 22 அடிப் படகு அதை எட்டாது. எட்டினாலும், குடியுரிமை இருந்தாலும், அந்தப் பதிவு மாநில வரியிலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை. மொண்டானா எல்.எல்.சி.யும் அப்படியே. காகிதத்தில் உரிமையாளர் யாராக இருந்தாலும், படகு நியூஜெர்சித் தண்ணீரில் ஓடினால் பயன்பாட்டு வரி பின்னாலேயே வரும். மிச்சமாவது எல்.எல்.சி.க்கு ஆண்டுதோறும் கட்டும் செலவுதான்.

நேர்மையான ஒரு வழி இருக்கிறது, உங்களுக்குப் பொருந்தினால். படகை உண்மையாகவே லூயிஸில் வாடகைத் துறையில் நிறுத்தி, டெலவேர் விரிகுடாவில் அந்தப் பக்கமே ஓட்டுவதானால், படகு அதிகம் ஓடும் மாநிலம் என்ற முறையில் டெலவேரிலேயே பதிய வேண்டும். நியூஜெர்சிக்காரர் அப்படி முறையாகப் பதிந்த படகைத் தம் மாநிலத்தில் ஆண்டுக்கு 30 நாள் வரை ஓட்டினால் பயன்பாட்டு வரி இல்லை. ஆனால் எடிசனிலிருந்து ஒவ்வொரு முறையும் லூயிஸுக்குப் போகும் பெட்ரோல், டோல், துறை வாடகை எல்லாம் கூட்டினால் 1,325 டாலர் மலிவாகத் தெரியும். வீட்டு முற்றத்தில் டிரெய்லரில் படகை நிறுத்திக்கொண்டு இந்த வழியைச் சொல்லிப் பார்க்காதீர்கள்.

15,000 என்று எழுதும் யோசனை வரி ஏய்ப்பு, வேறு பெயர் இல்லை. அலுவலகங்களிடம் பழைய படகுகளின் சந்தை விலைப் புத்தகம் உண்டு. நியூயார்க்கில் சந்தை விலைக்குக் குறைவாகக் காட்டினால், விற்றவரும் கையெழுத்திட்டு உறுதிசொல்ல வேண்டிய பகுதி படிவத்திலேயே இருக்கிறது. மோசடியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நட்டம் உங்களுக்குத்தான். படகில் கோளாறு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வந்தால், உங்கள் கையில் இருப்பது 15,000-க்கான சீட்டு.

நானாக இருந்தால் வரியைவிட வேறொன்றுக்காகத்தான் தூக்கம் கெடுவேன். டெலவேர் படகுகளுக்கு டைட்டில் தருவதில்லை, பதிவு மட்டும்தான். நியூஜெர்சியோ 12 அடிக்கு மேற்பட்ட படகுக்கு டைட்டில் கேட்கிறது. அதனால் விற்பவர் பெயரில் உள்ள டெலவேர் பதிவுச் சீட்டை அசலாக வாங்குங்கள். படகின் பின்பக்க வலது மூலையில் பொறித்திருக்கும் 12 எழுத்து உடல் எண், சீட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே நேரில் பாருங்கள். படகின் மீது வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்று டெலவேர் மாநிலச் செயலர் அலுவலகப் பதிவில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். இவை முடியும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.