தண்ணீர்த் தாங்கியும் இரண்டு மிதவையும்



கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் லயத்துக்கு வந்தால் குழாயில் தண்ணி இல்லை. முதல்நாள் இரவு தாங்கி நிரம்பி வழிந்து கானிலே ஓடியிருக்கும். இது நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வாவிக்கரையில் இதே கதை நடந்தால் நட்டம் இன்னும் பெரிது.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது மட்டக்களப்பு வாவிக்கரையில். அங்கே பொதுக் கிணற்றிலிருந்து பம்பில் தாங்கிக்குத் தண்ணி ஏற்றினார்கள். ஒரு நாள் இரவு பம்பைப் போட்டவர் தூங்கிப் போனார். விடியும்வரை தாங்கி வழிந்தது. காலையில் கிணற்றுத் தண்ணி உப்புக் கரித்தது.

"இறைத்த கிணறு ஊறும் என்பாங்களே அத்தான்?" என்று கேட்டேன்.

"ஊறும் தம்பி. இங்க அளவு மிஞ்சி இறைச்சா உப்புத்தான் ஊறும்" என்றார்.

காரணம் இதுதான். கடலோர மணலில் இறங்கும் மழைநீர், பாரம் கூடிய உப்பு நீரின் மேலே படையாக மிதந்து நிற்கிறது. வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் கடல் நீர் புகுந்து அங்கே பல கிணறுகள் கெட்டன. பின்னர் உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து மட்டக்களப்புக்குக் குழாயில் கொண்டுவந்தார்கள். கிணற்றை நம்பும் இடத்தில் தாங்கியைக் கணக்கோடு கட்ட வேண்டும். அந்தக் கணக்கு நமக்கும் உதவும்.

1. அளவு: 40 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 50 லீற்றர் என்று வைத்தால் நாளுக்கு 10,000 லீற்றர். உள்ளளவு 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம் போதும். அடியில் 10 சென்ரிமீற்றர் வண்டலுக்கு, மேலே 20 சென்ரிமீற்றர் காற்றுக்கு விட்டாலும் 10,200 லீற்றர் கிடைக்கும்.

2. பாரம்: 1,000 லீற்றர் தண்ணி ஒரு தொன். இந்தத் தாங்கி நிரம்பினால் தண்ணி மட்டும் 10 தொன்னுக்கு மேல். ஆகவே அத்திவாரத்தையும் தூண்களையும் பொறியியலாளர்தான் தீர்மானிக்க வேண்டும். லயத்துச் சுவரில் ஏற்றவே கூடாது.

3. மேல் மிதவை: தாங்கிக்குள் தண்ணி 1 மீற்றருக்கு இறங்கினால் பம்பு ஓட வேண்டும், 1.8 மீற்றர் வந்தால் நிற்க வேண்டும். இடையில் 4,800 லீற்றர். நிமிடத்துக்கு 40 லீற்றர் ஏற்றும் பம்புக்கு இது 2 மணி நேர வேலை. பிறகு கிணறு ஆறும். இரண்டு மட்டத்தையும் கிட்டக்கிட்ட வைத்தால் பம்பு அடிக்கடி போட்டுப் போட்டு நின்று மோட்டர் எரிந்துவிடும்.

4. கீழ் மிதவை: இது கிணற்றுக்குள். தண்ணி குறித்த மட்டத்துக்குக் கீழே போனால், தாங்கி வெறுமையாய் இருந்தாலும் பம்பை நிறுத்தும். மோட்டரும் தப்பும், கிணறும் தப்பும். அக்கா வீட்டுப் பக்கம் அன்று இல்லாதது இதுதான்.

5. வழிகுழாய்: மிதவை பழுதாகலாம். அதனால் 1.85 மீற்றரில் ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். அதன் வாயிலும் காற்றுத் துவாரத்திலும் நுளம்பு வலை கட்டுங்கள். மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடம்.

மலை ஊற்றிலிருந்து தண்ணி தானாக இறங்கும் தோட்டங்களுக்குக் கரண்டே வேண்டாம். உள்வரும் குழாயில் மிதவை வால்வு ஒன்று பூட்டினால் போதும், நிரம்பியதும் மூடிக்கொள்ளும். பம்பு உள்ள இடத்தில் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டே இணையுங்கள். ட்ரிப் சுவிச் இல்லாமல் மிதவையைத் தண்ணிக்குள் விடாதீர்கள்.

இந்த ஞாயிறு தலைவரோடு போய் உங்கள் தாங்கியைப் பாருங்கள். மூடி இருக்கிறதா? மிதவை லேசாக ஏறி இறங்குகிறதா? வழிகுழாயில் தண்ணி சொட்டுகிறதா? சொட்டினால் மிதவை சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே சொல்லி விடுங்கள்.