ஃபார்மேட் பண்ணுவதற்கு முன்னால்...
கணினி கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு பந்தலூர் தாலுகா சேரம்பாடி பக்கம், டான்டீ தேயிலைத் தோட்ட லைனில் இருக்கிறது. ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக ஆன் பண்ணினால் ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று வந்து வட்டம் சுற்றுகிறது, அணைகிறது, மறுபடியும் அதே. கூடலூரில் ஒரு கடையில் காட்டினோம். “ஓ.எஸ். போயிடுச்சும்மா, ஃபார்மேட் பண்ணித்தான் போடணும், உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடும், பரவாயில்லையா?” என்றார்கள். உள்ளேதான் தாத்தாவின் பாஸ்போர்ட், கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அசல் மழையில் நனைந்து எழுத்து மங்கிவிட்டது. வீட்டில் வேறு கம்ப்யூட்டர் கிடையாது. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, சேரம்பாடி

பதில்: கடைக்காரரிடம் “இப்போதைக்கு வேண்டாம் அண்ணா” என்று சொல்லி லேப்டாப்பை வாங்கி வந்துவிடுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஃபார்மேட் பண்ணினால் போகத்தான் போகும். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பல கடைகளில் நேரமில்லாததால் அதைச் செய்வதில்லை.

கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் விண்டோஸ்தான். உங்கள் ஸ்கேன்கள் இருப்பதும் அதே ஹார்டு டிஸ்க்கில்தான், ஆனால் வேறு இடத்தில். பூட்டு ரிப்பேர் ஆனால் பெட்டிக்குள் இருக்கும் புடவைக்கு ஒன்றும் ஆகாது. வேறு வழியாகப் பெட்டியைத் திறந்து புடவையை எடுத்த பிறகு பூட்டை மாற்றிக்கொள்ளலாம். அந்த வேறு வழிதான் பூட்டபிள் பென்டிரைவ். அதில் இருக்கும் ஓ.எஸ். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். ஓடிக்கொண்டே உங்கள் டிஸ்க்கைத் திறந்து காட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலேயே அந்த இன்னொரு வழி இருக்கலாம். 2011 செப்டம்பர் 15-ம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது அரசின் லேப்டாப் திட்டம். அரசு லேப்டாப்புகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது பாஸ்; முதல் பதிப்பு 2007-ல் வந்தது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே அரசு அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் வேலை வேகம் பிடித்திருந்தது. இத்தனை பாடுபட்டுக் கொடுத்த பாஸை மாணவர்களில் பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. “இடத்தை அடைக்குது” என்று கடையில் அழித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. நீங்கள் அழிக்கவில்லை என்றால், ஆன் செய்த உடனே எஃப்12-ஐத் தட்டித் தட்டி விடுங்கள். வரும் பட்டியலில் பாஸ் என்றோ டெபியன் என்றோ ஒரு வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். திறந்துவிட்டால் இன்னொரு பென்டிரைவைச் செருகிக் காப்பி எடுத்துக்கொள்ளலாம். பாதி வேலை முடிந்தது.

இல்லையென்றால் பென்டிரைவ் தயார் செய்ய வேண்டும். வீட்டில் வேறு கம்ப்யூட்டர் இல்லை என்கிறீர்கள். ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும். ‘எட்ச்ட்ராய்டு’ என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது. ஓ.டி.ஜி. கேபிளில் பென்டிரைவை மாட்டினால், லினக்ஸ் ஐ.எஸ்.ஓ. கோப்பை அதில் பூட் ஆகும்படி எழுதித் தரும். போனை ரூட் செய்யத் தேவையில்லை, முழுதாகச் சார்ஜ் செய்திருந்தால் போதும். 8 ஜி.பி. பென்டிரைவே தாராளம், அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ.வைப் பாட்டு ஏற்றுகிற மாதிரி வெறுமனே காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது. ‘வேலை செய்யலையே’ என்று எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

எந்த லினக்ஸ்? லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு. 2 ஜி.பி. ராமிலேயே ஓடும், 4 ஜி.பி. இருந்தால் சௌகரியம். கோப்பு ஏறக்குறைய 3 ஜி.பி. வரும். தினசரி டேட்டா அளவை அது தாண்டிவிடும், உங்கள் பக்கத்துச் சிக்னலும் எனக்குத் தெரியும். டோரன்ட் வழியாக இறக்கினால் நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அல்லது கூடலூருக்குப் போகும்போது அதே கடையில், “ஃபார்மேட் வேண்டாம், மின்ட் ஒரு பென்டிரைவில் பூட்டபிளாகப் போட்டுக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அது பத்து நிமிட வேலை.

பென்டிரைவைச் செருகி, எஃப்12 தட்டி, பட்டியலில் யூ.எஸ்.பி. என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். (லெனோவோ, டெல், ஏசருக்குப் பெரும்பாலும் எஃப்12. ஹெச்.பி.க்கு எஃப்9. ஏசரில் சில மாடல்களில் பயாஸுக்குள் போய் எஃப்12 மெனுவை முதலில் இயக்க வேண்டும்.) சில நிமிடங்களில் மின்ட் திரை வரும். அதில் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ என்று ஓர் ஐகான் கண்ணைப் பறிக்கும்படி இருக்கும். இன்றைக்கு அதன் மேல் கை வைக்காதீர்கள். கோப்பு மேலாளரைத் திறந்தால் இடது பக்கம் உங்கள் ஹார்டு டிஸ்க் தெரியும். அதற்குள் ‘யூசர்ஸ்’, அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். விண்டோஸ் சரியாக அணையாததால் ‘படிக்க மட்டும்’ என்று திறக்கலாம். நமக்கு அதுதான் நல்லது. எடுக்கத்தானே போகிறோம், எழுதப் போவதில்லையே. திறக்கும்போது பிட்லாக்கர் என்று சொல்லி 48 இலக்க எண் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கலாம். போனிலேயே அந்தக் கணக்கைத் திறந்து தேடலாம். பழைய அரசு லேப்டாப்பில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

முதலில் தாத்தாவின் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும். பிறகு சான்றிதழ்கள், போட்டோக்கள். சினிமாவெல்லாம் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். வரிசையை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால் அது எத்தனை நிமிடம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. ‘டிக், டிக்’ என்று சீராகச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொண்டு போங்கள். இழுத்து இழுத்துக் காப்பி செய்தால் இருப்பதும் போகும். சத்தமில்லாமல் காப்பி முடிந்தால், அந்தப் பென்டிரைவைப் போனில் செருகி ஒவ்வொரு ஸ்கேனையும் திறந்து, குடும்ப அட்டையில் பெயர்களும் முத்திரையும் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். ‘காப்பி ஆனது’ என்று கணினி சொல்வதை மட்டும் நம்பி யாரும் டிஸ்க்கை அழிக்கக் கூடாது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அந்த அட்டை எத்தனை அலுவலகங்களில் தேவைப்படுகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று உங்கள் மின்னஞ்சலில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் சித்தப்பா, மாமா யாரிடமாவது இருக்கட்டும்.

இனி டிஸ்க்கின் உடம்பைப் பார்க்கலாம். மின்ட்டில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலி இருக்கிறது. அதில் ‘ஸ்மார்ட்’ பகுதியைத் திறந்தால் ‘ரீஅலொகேட்டட் செக்டர்’, ‘கரன்ட் பென்டிங் செக்டர்’ என்று இரண்டு வரிகள் வரும். இரண்டிலும் பூஜ்யம் இருந்தால், விண்டோஸ் மட்டும்தான் சிதைந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மரம் விழாத நாள் குறைவு. பேட்டரி செத்த லேப்டாப் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் இப்படித்தான் ஆகும். (பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்த மலை இது. ஆனாலும் நமக்கு மெழுகுவர்த்தி.) எண்கள் ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கில் மறுபடி ஓ.எஸ். போடுவது வீண். 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள். எண்கள் சரியாக இருந்தாலும் எஸ்.எஸ்.டி. போட்டால் அந்த லேப்டாப் எழுந்து ஓடும். வேறு எந்தச் செலவும் அந்த அளவு பலன் தராது.

கடைசியாக ஓ.எஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0-வும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் வேண்டும். பழைய அரசு லேப்டாப்புகள் பெரும்பாலும் அதில் தேறாது. குறுக்கு வழியில் போட்டுத் தருவார்கள். ஆனால் 4 ஜி.பி. ராமில் அது நகர்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். கிராக் விண்டோஸ் போடுபவர்கள் முதலில் செய்வதே ஆன்டிவைரஸை அணைப்பதுதான், அந்தப் பக்கமே போகாதீர்கள். என் யோசனை, மின்ட்டையே போட்டுவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகை உண்டு, லிப்ரே ஆபீஸ் உண்டு, படிப்புக்குப் போதும். உங்கள் படிப்புக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கட்டாயம் என்றால் எழுதுங்கள், வேறு வழி சொல்கிறேன்.

நிறுவும்போது கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். பென்டிரைவ் அப்படியே இருக்கும், முதலிலிருந்து மறுபடி தொடங்கலாம். பயாஸ் அப்டேட் மட்டும் விதிவிலக்கு. அது பாதியில் நின்றால் மதர்போர்டே எழாமல் போகலாம். மழைக்காலத்தில் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஏஜென்ட் நான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7. மகன் விடுமுறைக்கு வந்தபோது பென்டிரைவில் விண்டோஸ் 10 போட்டுவிட்டான். டாக்குமென்ட்ஸ் எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்தான். ஆனால் டேலியில் கணக்கு இல்லை. விவசாயிகள் பெயர்ப் பட்டியலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கலாக வருகிறது.
– குன்னூர் வாசகர்

பதில்: மகனைத் திட்டாதீர்கள், அவர் எடுத்தது சரிதான். எடுக்காமல் விட்டது இரண்டு.

பெயர்ப் பட்டியல் அழியவில்லை. அது வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். அந்த எழுத்துருக்களில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகளின் இடங்கள்தான். தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. விண்டோஸ் புதிதாகப் போட்டபோது ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரோடு அது போய்விட்டது. அதே எழுத்துருவை, அதே பெயரில், உங்கள் ஃபேக்டரி ஆபீஸிலோ டி.டி.பி. கடையிலோ வாங்கி நிறுவுங்கள், பெயர்கள் திரும்பி வரும். வந்ததும் யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, நாமும் மாறிவிடலாம்.

டேலிதான் கவலை. அதன் கணக்கு டாக்குமென்ட்ஸில் இருப்பதில்லை. பழைய ஈ.ஆர்.பி. 9-ல் பெரும்பாலும் சி டிரைவில் டேலி ஃபோல்டருக்குள்ளேயே ‘டேட்டா’ என்று ஒன்று இருக்கும். மகன் டி டிரைவை அழிக்கவில்லை என்றால் அங்கே தேடுங்கள், சிலர் அங்கே வைத்திருப்பார்கள். பழைய பென்டிரைவ்களில் பேக்கப் கிடக்கிறதா, ஆடிட்டரிடம் ஏதாவது பிரதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆடிட்டரிடம் கடந்த மார்ச் வரையாவது இருக்கும். எங்கும் இல்லையென்றால், அந்தக் கம்ப்யூட்டரை உடனே அணைத்து வையுங்கள். அதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு புதுப் பில்லும் பழைய கணக்கு இருந்த இடத்தின் மேல் விழலாம். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதும் அப்படித்தான். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டித் தேடச் சொல்லுங்கள். அதுவரை இலை எடை நோட்டில் எழுதலாம்.

கேள்வி: ஊட்டி உயரத்துக்கு ஹார்டு டிஸ்க் தாங்காது, அதனால்தான் அடிக்கடி ஓ.எஸ். போகிறது என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?
– உதகை வாசகர்

பதில்: உயரத்துக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் சம்பந்தம் இருப்பது உண்மை. தட்டுக்கு மேலே படிக்கும் முனை மிதப்பது காற்றின் மேல்தான், உயரம் ஏற ஏற காற்று மெலியும். ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை இயங்கும்படி செய்யப்பட்டவை. ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637-தான். தாராளமாகத் தாங்கும்.

நம் ஊரில் பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. ஜனவரியில் உறைபனி விழும் காலையில் வெளியிலிருந்து கொண்டு வந்த லேப்டாப்பை ஹீட்டர் பக்கத்தில் வைத்து உடனே ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும், உள்ளேயும்தான். பையிலேயே அரைமணி, ஒருமணி விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஆன் செய்யுங்கள். எஸ்.எஸ்.டி.யில் காற்றும் இல்லை, முனையும் இல்லை. ஆனால் மதர்போர்டு அதே மதர்போர்டுதானே.

கேள்வி: புதிதாக ஓ.எஸ். போட்ட பழைய லேப்டாப்பில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது. ஓ.எஸ். தவறாகப் போட்டுவிட்டேனா?
– கேத்தி வாசகர்

பதில்: திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருக்கும். தளங்களின் சான்றிதழ் இன்னும் பிறக்காத காலத்தில் உங்கள் லேப்டாப் நிற்கிறது. தேதியைத் திருத்தினால் சரியாகிவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி பின்னால் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பல மாடல்களில் அது சி.ஆர்.2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். லேப்டாப்பில் சிலவற்றுக்கு ஒயரோடு வரும், கழற்றிக் கையில் எடுத்துப் போய்க் காட்டி வாங்குங்கள்.