ஓர் எழுத்தின் அளவு



சென்ற தவணையில் ஒருநாள், இலக்கண வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், எனக்கு இதில் ஒரு ஐயோட்டா கூட விளங்கவில்லை" என்றான். "ஐயோட்டா என்றால் என்ன தம்பி?" என்று வினவினேன். "மிகமிகக் கொஞ்சம்" என்றான். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது வகுப்பு மௌனமாயிற்று. "அதற்குள் ஓர் ஐயோ இருக்கிறது சேர்" என்று பின்வரிசைச் சிறுமி ஒருத்தி கூற, எல்லோரும் சிரித்தனர். அன்று தொடங்கிய பாடத்தை இங்கே நிறைவு செய்கிறேன்.

ஐயோட்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கில் 9ஆவது எழுத்தின் பெயர். ஒரேயொரு சிறு கோடுதான் அதன் வடிவம். ஆங்கிலத்தின் 'ஐ' என்னும் எழுத்து அதன் வழிவந்ததே. கிரேக்கர் அதனைப் பினீசியரின் 'யோத்' என்னும் எழுத்திலிருந்து பெற்றனர். எபிரேய மொழியின் 22 எழுத்துகளுள்ளும் யோத் என்பதே மிகச் சிறியது.

அவ்வெழுத்து, அளவைக் குறிக்கும் சொல்லானது எவ்வாறு? மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், திருச்சட்டத்தின் மிகச் சிறிய எழுத்தோ, எழுத்தின் ஒரு கீற்றோ கூட ஒழிந்து போகாது என்னும் கருத்து வருகிறது. அவ்விடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ஐயோட்டா. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் அது 'ஜொட்' என்று வருகிறது. 'ஜொட்' என்பதும் ஐயோட்டாவின் திரிபே. சுருக்கமாகக் குறித்துக் கொள்வதையும் இன்று ஆங்கிலத்தில் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். அதே வசனத்தில் கீற்றைக் குறிக்கும் 'டிட்டில்' என்னும் சொல், சிறிய 'ஐ' எழுத்தின் மேலுள்ள புள்ளிக்கும் பெயராயிற்று.

இச்சிற்றெழுத்து பெரும் பிணக்கிலும் இடம்பெற்றது. கி.பி. 325இல் நைசியா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், இறைமகன் தந்தையோடு 'ஒரே தன்மையர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஏற்றது. பின்வந்த ஒரு சாரார் 'ஒத்த தன்மையர்' என்னும் சொல்லே தகும் என்றனர். அவ்விரு சொற்களுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு ஓர் ஐயோட்டா மட்டுமே!

நம் மொழியிலும் இதற்கு நிகரான சொல் உண்டு. 'இம்மியளவும் பிசகாது' என்கிறோம் அல்லவா? இம்மி என்பது பழந்தமிழ்க் கணக்கில் ஒரு பின்னத்தின் பெயர். 320இல் ஒரு பங்கு முந்திரி; அதன் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி; அதன் 21இல் ஒரு பங்கு இம்மி. அதாவது 21,50,400இல் ஒரு பங்கு. கிரேக்கச் சொல் எழுத்திலிருந்து பிறந்தது. தமிழ்ச் சொல் எண்ணிலிருந்து பிறந்தது. இரண்டையும் நாம் பெரும்பாலும் 'இல்லை' என்பதோடு சேர்த்தே வழங்குகிறோம். அதனால் சிறியதெல்லாம் பொருளற்றது என எண்ணிவிடுகிறோம்.

அவ்வாறு எண்ணியவருள் யானும் ஒருவன். அகதியாக இந்நாடு வந்தபின், மனைவியையும் மகளையும் அழைப்பதற்கு விண்ணப்பித்தேன். மகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் 'ஐ' எழுத்துடனும், கடவுச்சீட்டில் அவ்வெழுத்து இன்றியும் இருந்தது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போதே அதைக் கண்டேன். ஓர் எழுத்துத்தானே என்று விட்டுவிட்டேன். இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க 11 மாதங்கள் சென்றன. பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மையால் கோடிட்ட ஓர் ஆசிரியன், தன் மகளின் பெயரில் இருந்த பிழையைத் திருத்தாமல் விட்டான். விமான நிலையத்தில் அவள் என்னைக் கண்டபோது, முதலில் தாயின் பின்னே ஒளிந்து கொண்டாள்.

ஆகவே, மாணவர்களே, ஒரு புள்ளியை விட்டுவிட்டீர்கள் என்று நான் கொப்பியைத் திருப்பித் தரும்போது சினம் கொள்ளாதீர்கள். 'கல்' என்பதில் புள்ளி விடுபட்டால் அது 'கல' ஆகிவிடும். பெற்றோர்களே, வாரத்தில் இரண்டு மணி நேரத் தமிழால் என்ன பயன் என்று சோர்வடையாதீர்கள். இம்மி சிறிதுதான், ஆயினும் நம் முன்னோர் அதற்கும் ஒரு பெயரிட்டு, கணக்கில் சேர்த்தே வைத்தனர்.