தியானம் செய்தால் கோபமும் சிகரெட்டும் போய்விடுமா?

டெல்லி துவாரகாவில் விடிகாலையில் பூங்காக்களுக்குப் போனால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் சிலரைப் பார்க்கலாம். கோபத்தைக் குறைக்க, சிகரெட்டை விட, ராத்திரி போன் பார்ப்பதை நிறுத்த என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் தப்பான எதிர்பார்ப்போடு தொடங்குகிறவர்கள், "நமக்கு இது ஒத்துவராது" என்று சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள். அது வருத்தமாக இருக்கிறது.

நம்பிக்கை: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் மாறிவிடும்.

உண்மை: இந்த 21 நாள் கணக்கு பரவியது, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய நூலிலிருந்து. நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழக அவ்வளவு நாளாவது ஆகிறது என்றுதான் அவர் எழுதினார். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்தபோது, ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்றும் தெரிந்தது.

நம்பிக்கை: தியானம் ஆசையையும் கோபத்தையும் வேரோடு பிடுங்கிவிடும்.

உண்மை: பிடுங்காது. ராஜீவ் சௌக்கில் ப்ளூ லைன் மெட்ரோவில் ஏறுகிற புகைப்பழக்கம் உள்ள ஒருவரைக் கவனியுங்கள். முக்கால் மணி நேரம் சிகரெட் இல்லாமல் வருவார். துவாரகாவில் இறங்கி வெளியே வந்து, வழக்கமான பான் கடையைக் கண்டதும் கை தானாகப் பைக்குள் போகும். பழக்கம் அந்த இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டியிருக்கிறது. தியானப் பயிற்சி உள்ளவருக்கும் அங்கே தொண்டை வறளும், விரல் பரபரக்கும். ஆனால் அதைக் கவனிக்க அவருக்குத் தெரியும். அந்தத் தவிப்பு ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்குவதைப் பார்க்கிறார். கிடைக்கிற அவகாசம் அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

அமெரிக்காவில் ஜட்சன் ப்ரூவர் 2011-இல் 88 பேரிடம் நடத்திய ஆய்வில், இப்படிக் கவனிக்கப் பழகியவர்களில் 31 சதவீதம் பேர் 17-ஆவது வாரத்தில் புகைக்காமல் இருந்தார்கள். புகையை நிறுத்த வழக்கமாகத் தரப்படும் பயிற்சி பெற்றவர்களில் 6 சதவீதம் பேர்தான் தாக்குப்பிடித்தார்கள். சிறிய ஆய்வுதான், முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. 47 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2014-ஆம் ஆண்டு அறிக்கை, பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைகின்றன என்றது. போதைப் பழக்கம், உணவுப் பழக்கம் மாறுவதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது.

கிடைத்த அவகாசத்தை என்ன செய்வது என்பது நம் பொறுப்பு. வேதாத்திரி மகரிஷி இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் என்பது என் எண்ணம். தாம் உருவாக்கிய மனவளக்கலைப் பயிற்சியில் தவம் என்னும் தியானத்தோடு நிறுத்தாமல் ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று தன்னைத் தானே ஆராயும் அகத்தாய்வையும் சேர்த்தார். யார் மேல், எதற்காகக் கோபம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பார்க்கிங் சண்டையா, பிள்ளையின் மார்க்கா என்று தெரிந்துவிடும்.

நம்பிக்கை: திகார் சிறைக் கைதிகளையே தியானம் மாற்றியது, நம்மை மாற்றாதா?

உண்மை: துவாரகாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் திகாரில் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். கிரண் பேடி சிறைத்துறை ஐ.ஜி.யாக இருந்தபோது, 1993-இல் அங்கே விபாசனா தியான முகாம் தொடங்கியது. 1994 ஏப்ரலில் விபாசனா ஆசிரியர் எஸ்.என்.கோயங்கா ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு முகாம் நடத்தினார். பத்து நாள் மௌனம், விடிகாலை நாலு மணிக்கு எழுப்பும் மணி, நாளுக்குச் சுமார் பத்து மணி நேரப் பயிற்சி. அதே காலத்தில் சிறையில் புகையிலைக்குத் தடை வந்தது. எழுத்தறிவு வகுப்பு நடந்தது. முறையீட்டுப் பெட்டி வந்தது. சூழலும் சேர்ந்து மாறியது. வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து, அதே பான் கடை வழியாகவே போகிறவர் அந்தப் பலனை எதிர்பார்க்கக் கூடாது. வேறு வழியாக நடக்கலாம்.

நம்பிக்கை: தியானத்தால் யாருக்கும் கெடுதல் வராது.

உண்மை: சிலருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ கூடுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. முன்பு மனநோய் இருந்தவர்கள் நீண்ட முகாமுக்குப் போகும் முன் மருத்துவரைக் கேளுங்கள். தினமும் அதிகம் குடிப்பவர், தியானத்தை நம்பித் திடீரென நிறுத்தினால் வலிப்புவரை போகலாம். மருத்துவக் கண்காணிப்பு அவசியம். புகையிலையைக் கைவிட 1800-11-2356, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவச எண்கள். தியானத்தைத் தொடருங்கள், கூடவே இந்த உதவியையும் கேளுங்கள்.